பெடிகிரி பூனை ப்ரீடர்களும் விலங்குச் சட்டமும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடறேன், நான் ப்ரீடர் பக்கத்து ஆளு, அதாவது பெடிகிரின்னு வம்சாவளிப் பேப்பர் இருக்குற பூனைகளை இனப்பெருக்கம் பண்றவங்க பக்கம். அதனால நடுநிலைன்னு எல்லாம் நடிக்கப் போறதில்ல. ஆனா எங்க ஆளுங்க பண்ற தப்பும் நல்லாவே தெரியும், அதையும் சேர்த்தே எழுதியிருக்கேன்.

பூனை வளர்க்குறவங்களுக்கு சட்டத்தோட என்னங்க வேலை? ஷோக்கு போனோமா ரிப்பன் வாங்குனோமான்னு இருக்கலாம்ல?

இருக்கலாம், யாரும் தொந்தரவு பண்ணாத வரைக்கும். வீட்ல எத்தனை பூனை வச்சிக்கலாம், கருத்தடை பண்ணாம எத்தனை வச்சிக்கலாம், குட்டியை எத்தனை வாரத்துல கொடுக்கலாம், மைக்ரோசிப் போடணுமா, லைசென்ஸ் வேணுமா, எந்த பிரீடை வளர்க்கவே கூடாது, இது எல்லாமே எங்கயோ ஒரு சட்டத்துல எழுதியிருக்கு, இல்ல எழுதிட்டு இருக்காங்க. எழுதுறவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு குட்டி பிறக்குறதைக் கூட பக்கத்துல இருந்து பாத்திருக்க மாட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, அவங்களுக்கு ஆயிரம் வேலை. ஆனா விஷயம் தெரிஞ்சவன் போய் சொல்லலைன்னா தெரியாதவன் எழுதுனதுதான் சட்டமாகும்.

ப்ரீடர்கள் சார்பா பேசுறது யாரு?

பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரிகள், அதாவது பூனைகளோட வம்சாவளியை பதிவு பண்ற அமைப்புகள். அமெரிக்காவுல 1906ல ஆரம்பிச்ச சிஎஃப்ஏ, 1979ல வந்த டிகா, பிரிட்டன்ல 1910ல இருந்து இருக்குற ஜிசிசிஎஃப், ஐரோப்பா பக்கம் 1949ல உருவான ஃபிஃபே. இதுல சிஎஃப்ஏ சட்டத்தை கவனிக்கறதுக்குன்னே தனியா ஆள் வச்சிருக்கு. எந்த ஊர்ல என்ன மசோதா வந்திருக்குன்னு பாத்து கிளப்புகளுக்கு தகவல் அனுப்புறது, யார் யாருக்கு எழுதணும்னு சொல்றது, இதுதான் அவங்க வேலை. ஆனா ஒண்ணு, ரெஜிஸ்ட்ரி தூரத்துல இருந்து லெட்டர் போட்டா ஒரு மரியாதைக்கு படிப்பாங்க. அந்த தொகுதியில ஓட்டு போடுற ஒரு சாதாரண ப்ரீடர் நாலு வரி எழுதினா கவனிச்சு படிப்பாங்க. வித்தியாசம் அவ்ளோதான்.

ப்ரீடர்களுக்கும் விலங்கு நல அமைப்புகளுக்கும் இந்த சண்டை எப்போ ஆரம்பிச்சது?

விலங்கு நல அமைப்புகள் பூனை ஷோவை விட பழசு. பிரிட்டன்ல ஆர்எஸ்பிசிஏ 1824, அமெரிக்காவுல ஏஎஸ்பிசிஏ 1866. லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல ஹாரிசன் வியர் நடத்துன அந்த பெரிய பூனை ஷோ 1871ல தான். ரொம்ப காலம் ரெண்டு பேரும் அவங்கவங்க வழியில போயிட்டு இருந்தாங்க.

அமெரிக்க ப்ரீடர்களை தூக்கத்துல இருந்து எழுப்புனது கலிஃபோர்னியா. 1990ல சான் மேட்டியோ கவுண்டியில, ஆதரவில்லாத விலங்குகளை வச்சிருக்குற ஷெல்டர்ல இத்தனை உயிர் சாகும்போது புதுசா குட்டி எதுக்குன்னு கேட்டு, இனப்பெருக்கத்தையே கட்டுப்படுத்துற மாதிரி ஒரு உள்ளூர் சட்டம் கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் 2007ல அதே மாநிலத்துல ஏபி 1634ன்னு ஒரு மசோதா, நாய்க்கும் பூனைக்கும் 4 மாசத்துக்குள்ள கட்டாய கருத்தடை, விதிவிலக்கு வேணும்னா பர்மிட். கீழ்சபையில தப்பிச்சு பாஸ் ஆயிடுச்சு. அப்போதான் நாய்க்காரங்க, பூனைக்காரங்க, சில வெட் டாக்டர்கள்னு அதுவரைக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காதவங்க எல்லாம் ஒண்ணா நின்னாங்க. 2008ல செனட்ல தோத்துப் போச்சு. அதே 2008ல லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தனியா கட்டாய கருத்தடை சட்டம் போட்டுடுச்சு, ஆனா அதுல ப்ரீடர்களுக்கும் ஷோ விலங்குகளுக்கும் விதிவிலக்கு இருந்துச்சு. அந்த விதிவிலக்கு தானா வந்து விழல, யாரோ உக்காந்து பேசி வாங்குனது.

ஒரு மசோதா கைக்கு வந்தா முதல்ல எதை படிக்கணும்?

தலைப்பை படிக்காதீங்க. தலைப்பு எப்பவுமே நல்லாத்தான் இருக்கும், "ஆரோக்கியமான செல்லப்பிராணிகள்" மாதிரி ஏதாவது வச்சிருப்பாங்க, அதை எதிர்த்தா நீங்க வில்லன். நேரா வரையறை பகுதிக்கு போங்க. உயிர் அங்கதான் இருக்கு.

ஒரு வீட்டை எடுத்துக்கோங்க. குட்டி போடுற தாய்ப்பூனை 3. வயசாகி ரிட்டயர் ஆகி கருத்தடை பண்ணினது 2. போன ஈத்துல இருந்து நிறுத்தி வச்ச பெண்குட்டி 2, வயசு 7 மாசம். எதுக்கு நிறுத்தி வச்சீங்கன்னா, 3 மாசத்துல பாக்க அம்சமா இருக்குற குட்டி 8 மாசத்துல மூக்கு நீண்டு காது அகலமாகி வேற பூனையா வந்து நிக்கும், அதனால நல்ல ப்ரீடர் எவனும் அவசரப்பட மாட்டான், வளரவிட்டுத்தான் முடிவு பண்ணுவான். இப்போ சட்டத்துல "குட்டி போட பயன்படுத்தப்படும் பெண் பூனை 4க்கு மேல இருந்தா லைசென்ஸ்"னு இருந்தா இந்த வீட்ல 3 தான், பிரச்சனை இல்ல. "4 மாசத்துக்கு மேற்பட்ட, கருத்தடை செய்யப்படாத பெண் பூனை"ன்னு இருந்தா 5. அதே வீடு, அதே பூனைங்க, ஒரு நாள்ல வியாபார நிறுவனம் ஆயிடும். தரையில வடிகால் வச்ச தனி கட்டடம், கழுவுற மாதிரி சுவர்னு கேட்க ஆரம்பிச்சா வீட்டு ஹால்ல சோஃபா மேல வளர்ற பூனைக்கு என்ன செய்வீங்க?

அதனாலதான் பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்க மசோதாவை ஒட்டுமொத்தமா எதிர்க்க மாட்டாங்க. "பயன்படுத்தப்படும்"னு ஒரு வார்த்தை சேருங்க, 4 மாசத்தை 12 மாசம் ஆக்குங்கன்னு ரெண்டு வரி திருத்தத்தை டைப் பண்ணி கையில கொண்டு போய் கொடுப்பாங்க. சட்டம் எழுதுற அலுவலகத்துல இருக்குறவங்களுக்கு இது பெரிய உதவி, புலம்பலை வச்சு அவங்க என்ன பண்ண முடியும், வரியை வச்சாவது ஏதாவது பண்ணலாம்.

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) சட்டத்துல குட்டி போடுற பெண் பூனை "4 வரைக்கும் ஓகே", லைசென்ஸ் வேண்டாம்னு சொல்றாங்களே, அது உண்மையா?

பாதி உண்மை. அந்த சட்டம் பேரு அனிமல் வெல்ஃபேர் ஆக்ட், 1966ல வந்தது. ரொம்ப நாள் வீட்ல இருந்து நேரடியா விக்குறவங்க "ரீட்டெயில் பெட் ஸ்டோர்"ங்கிற வரையறைக்குள்ள போயிட்டாங்க, அதனால லைசென்ஸ் தேவைப்படல. இன்டர்நெட் வந்து, பாக்காமலே ஆர்டர் பண்ணி கார்கோவுல குட்டி அனுப்புறது பெருகுனதும் 2013ல அந்த வரையறையை மாத்துனாங்க. இப்போ வாங்குறவர், விக்குறவர், குட்டி மூணு பேரும் ஒரே இடத்துல நேருக்கு நேர் இருந்து வித்தா லைசென்ஸ் வேண்டாம். பாக்காம அனுப்புறதா இருந்தா, உங்ககிட்ட இருக்குற குட்டி போடுற பெண்கள் 4 இல்ல அதுக்கு கம்மியா இருந்து, உங்க இடத்துல பிறந்து வளர்ந்ததை மட்டும் விக்கணும்.

நிறைய பேர் மாட்டுறது எங்கன்னா, அந்த 4ங்கிறது பூனைக்கு மட்டும் 4 இல்ல. நாய், பூனை, சின்ன எக்ஸாடிக் (வழக்கமா வீட்ல வளர்க்காத) விலங்குகள் எல்லாம் சேர்த்து. 3 பூனை, வீட்டுக்காரர் ஆசைக்கு வளர்க்குற 2 பெண் நாய்னா கணக்கு 5 ஆயிடுச்சு. மாநிலச் சட்டம், நகரச் சட்டம் இதுக்கு மேல தனி, அதையும் பாத்துக்கணும்.

ஷெல்டர்ல பூனைங்க சாகும்போது நீங்க கட்டாய கருத்தடையை எதிர்க்கறது நியாயமா?

இந்த கேள்வி கேக்குறவங்க மேல எனக்கு கோவம் வராது, நியாயமான கேள்விதான். ஷெல்டருக்கு வர்ற பூனைங்கள்ல பெரும்பாலானது பெடிகிரி இல்ல. தெருவுல பிறந்தது, சாப்பாடு மட்டும் போட்டு யாரும் சொந்தம் கொண்டாடாதது, கருத்தடை பண்ண காசு இல்லாம தள்ளிப்போட்ட வீட்டுப் பூனை, அதோட குட்டிங்க. கட்டாயச் சட்டம் போட்டா பேர் விலாசம் இருக்குற ப்ரீடர் கதவைத்தான் தட்ட முடியும், கார் ஷெட்டுக்குள்ள குட்டி போட்ட தாய்ப்பூனைக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுற கதை.

அப்புறம் அபராதத்துக்கு பயந்து வெட் டாக்டர்கிட்டயே போகாம ஒளிச்சு வைக்கறவங்களும் உண்டு, அப்போ ரேபிஸ் தடுப்பூசியும் சேர்ந்து போயிடுது. வேலை செய்றது எதுன்னா குறைஞ்ச கட்டணத்துல கருத்தடை, தெருப்பூனையை பிடிச்சு ஆபரேஷன் பண்ணி அதே இடத்துல விடுறது. இதை சிஎஃப்ஏவும் ஆதரிக்குது. "வேண்டாம்"னு சொல்லப் போறப்போ "இதுக்கு பதிலா இது"ன்னு கையில ஒண்ணு இருக்கணும். வெறும் வேண்டாம் எடுபடாது.

அதே சமயம் எங்க ஆளுங்களையும் சொல்லணும். செல்லமா வளர்க்க கொடுக்குற குட்டியை ஆபரேஷன் பண்ணாமலே கொடுத்துட்டு, "அப்புறம் நீங்களே பண்ணிக்கோங்க"ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து மட்டும் வாங்குறவங்க இன்னும் இருக்காங்க. பேப்பர் பூனையை தடுக்குமா? கொடுக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, முடிஞ்சது வேலை.

"ஓனர்"னு சொல்லக்கூடாது "கார்டியன்"னு சொல்லணும்னு ஒரு பேச்சு இருக்கே, வார்த்தைக்கு எல்லாமா சண்டை?

2000ல கொலராடோவுல இருக்குற போல்டர் நகரம் அதை சட்டப் புத்தகத்துலயே மாத்துச்சு, அப்புறம் வேற சில இடங்கள்லயும் பின்பற்றுனாங்க. கேக்க அன்பாத்தான் இருக்கு. ப்ரீடர்கள் பயம் என்னன்னா, உரிமையாளருக்கு சொத்துரிமை பாதுகாப்பு இருக்கு, விசாரணை இல்லாம பூனையை தூக்கிட்டு போக முடியாது. கார்டியன்னா நீங்க வெறும் பொறுப்பாளர், பொறுப்பை எப்போ வேணா வேற ஒருத்தர் கேள்வி கேக்கலாம். இதுவரைக்கும் வானம் இடிஞ்சு விழல, அதையும் ஒத்துக்கறேன். என்னைக் கேட்டா இதுக்கு செலவழிச்ச சக்தியில பாதியை அடுத்த கேள்விக்கு செலவழிச்சிருக்கலாம்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டை ஏன் தடை பண்றாங்க? அழகாத்தானே இருக்கு?

அழகா இருக்கறதுதான் அதோட சாபம். 1961ல ஸ்காட்லாந்துல ஒரு பண்ணையில சூசின்னு ஒரு வெள்ளைப் பூனை, காது முன்னாடி மடிஞ்சு இருந்துச்சு, இன்னைக்கு இருக்குற எல்லா ஃபோல்டும் அதோட வம்சம். காதை மடிக்கிற அந்த மரபணு காதோட நிக்கறதில்ல, உடம்பு முழுக்க குருத்தெலும்பை பாதிக்குது. வால் விறைச்சுப் போறது, பின்னங்கால் மூட்டு வீங்கி குதிக்க முடியாம போறதுன்னு ஆளுக்கு ஆள் கூடக் குறைய. மடிஞ்ச காது இருந்தா அந்த மரபணு இருக்கு, இருந்தா பாதிப்பு ஏதோ ஒரு அளவுல இருக்கு. நேரான காது பூனையோட சேர்த்தா கொடூரமான வகை குறையும், ஆனா முழுசா போகாது. ஃபோல்ட் கால் நீட்டி மனுஷன் மாதிரி உக்காந்திருக்குற போட்டோவை பாத்து ஹார்ட் போடறோமே, சில நேரம் அது வலி குறையுற மாதிரி உக்காந்திருக்குறதாவும் இருக்கலாம்.

பிரிட்டன்ல ஜிசிசிஎஃப் 1970கள்லயே பதிவு பண்றதை நிறுத்திடுச்சு, எந்த அரசாங்கமும் சொல்றதுக்கு முன்னாடி. சிஎஃப்ஏவும் டிகாவும் இன்னும் ஏத்துக்குது. நெதர்லாந்து 2014ல மடிஞ்ச காது பூனையை ப்ரீட் பண்றதை தடை பண்ணுச்சு, 2026 ஜனவரி 1ல இருந்து ஃபோல்டையும் முடி இல்லாத ஸ்ஃபிங்ஸ் மாதிரி பூனைகளையும் புதுசா வாங்கி வச்சிக்கவே கூடாது, அதுக்கு முன்னாடி சிப் போட்டதை மட்டும் சாகுற வரைக்கும் வச்சிக்கலாம். முடி இல்லாததுக்கு என்ன பிரச்சனைன்னா மீசை இல்ல, பூனைக்கு மீசை அலங்காரம் இல்ல, இருட்டுல வழி தேடுற கருவி.

இங்கதான் எங்க உலகத்துல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, இன்னைக்கு ஃபோல்ட், நாளைக்கு பெர்ஷியனோட சப்பை மூக்கு, நாளான்னைக்கு எல்லாமே, அதனால முதல் செங்கல்லயே தடுக்கணும்னு சொல்லுது. இன்னொரு கட்சி, நாமளே முன்வந்து இதை விட்டுட்டா மத்ததுக்கு நாம சொல்றதை நம்புவாங்கன்னு சொல்லுது. நான் ரெண்டாவது கட்சி. வலி தர்ற மரபணுவை "பாரம்பரியம்"னு சொல்லி காப்பாத்த போனா அடுத்த மசோதாவுக்கு நாம வாயைத் திறக்கவே முடியாது.

தடை இல்லாமலே ப்ரீடர்கள் தானா சரி பண்ணின உதாரணம் ஏதாவது உண்டா, இல்ல சும்மா பேச்சா?

உண்டு. பெர்ஷியன் பூனைகளுக்கு பிகேடின்னு ஒரு சிறுநீரக நோய், பிறவியிலேயே கிட்னியில நீர்க்கட்டியா வரும், வயசாகும்போது கிட்னி செயலிழக்கும். டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி பெர்ஷியன்ல மூணுல ஒண்ணுக்கும் மேல இது இருந்துச்சு. 2004ல பூனை மரபணு ஆராய்ச்சியாளர் லெஸ்லி லயன்ஸோட குழு அந்த மரபணு மாற்றத்தை கண்டுபிடிச்சாங்க, கன்னத்துக்குள்ள ஒரு பஞ்சுக்குச்சி தேச்சு அனுப்புனா போதும், முடிவு வந்துடும். பாசிட்டிவ்னா ப்ரீட் பண்ணாதீங்கன்னு கிளப்புகள் அழுத்தம் கொடுத்து, டெஸ்ட் பண்ற வம்சங்கள்ல அது சரசரன்னு குறைஞ்சுது. மெயின் கூன் இனத்துல வர்ற இதய நோய்க்கு 2005ல ஒரு டெஸ்ட், ராக்டால் இனத்துக்கு 2007ல ஒண்ணு, ஆனா இதய விஷயம் ஒரே மரபணுவோட முடியறதில்ல, ஸ்கேனும் எடுக்கணும். மசோதாவை பரிசீலிக்குற எந்த கமிட்டி முன்னாடி நின்னாலும் இந்த பிகேடி கதையை சொல்லுங்க, ஏன்னா இது வெறும் வாக்குறுதி இல்ல, நடந்து முடிஞ்சது.

பெங்கால், சவானா மாதிரி காட்டு ரத்தம் கலந்த பூனைங்க?

இது இடத்துக்கு இடம் தலைகீழா மாறும். சவானா, ஆப்பிரிக்காவுல இருக்குற செர்வல்ங்கிற காட்டுப் பூனையோட சேர்த்து 1986ல முதல் குட்டி. ஆஸ்திரேலியா 2008ல இறக்குமதியை தடை பண்ணுச்சு, அங்க இருக்குற சின்ன விலங்குகளை வேட்டையாடிடும்னு பயம். நியூயார்க் மாநிலத்துல சவானா ஐந்தாவது தலைமுறையில இருந்துதான் வச்சிக்கலாம். சிஎஃப்ஏ ரொம்ப நாள் காட்டு கலப்பே வேண்டாம்னு இருந்துட்டு 2016ல பெங்காலை ஏத்துக்குச்சு, அதுவும் பல தலைமுறை தள்ளி வந்ததை மட்டும். வாங்குறதுக்கு முன்னாடி தலைமுறை எண் போட்ட பெடிகிரி பேப்பர் கையில இருக்கணும். வாய் வார்த்தை செல்லாது.

நகம் எடுக்குற ஆபரேஷன் தடையை ப்ரீடர்கள் எதிர்த்தாங்களாமே?

ஆபரேஷனை ஆதரிச்சு இல்ல. அது நகத்தை வெட்டுறது இல்ல, விரலோட கடைசி எலும்பையே எடுக்குறது, அப்படி பண்ணின பூனை சிஎஃப்ஏ ஷோவுல கலந்துக்கவே முடியாது. தயக்கம் என்னன்னா, வெட் டாக்டர் முடிவை சட்டம் எடுக்க ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்ங்கிற பயம். 2003ல வெஸ்ட் ஹாலிவுட் நகரம், 2019ல நியூயார்க் மாநிலம் தடை போட்டுச்சு. என் கருத்து? நமக்கே பிடிக்காத ஒண்ணுக்காக கொள்கை பேசி கெட்ட பேர் வாங்குனோம், தேவையே இல்லாத சண்டை.

பெட் ஷாப்ல விக்க தடை வந்தா நல்ல ப்ரீடருக்கு என்ன நஷ்டம்?

நேரடியா ஒண்ணும் இல்ல. ஒழுங்கான ப்ரீடர் கடைக்கு குட்டி கொடுக்கவே மாட்டார். கலிஃபோர்னியாவுல 2019ல இருந்து கடையில ஷெல்டர், ரெஸ்க்யூ விலங்குகளைத்தான் வைக்கலாம். இங்கிலாந்துல 2020 ஏப்ரல்ல வந்த லூசியோட சட்டம், 6 மாசத்துக்கு கீழ இருக்குற நாய்க்குட்டி பூனைக்குட்டியை இடைத்தரகர் விக்கக்கூடாதுன்னு சொல்லுது, ப்ரீடர்கிட்டயோ ஷெல்டர்லயோதான் வாங்கணும். சொல்லப்போனா இது எங்களுக்கு சாதகம். அங்கயே 2024 ஜூன் 10ல இருந்து பூனைக்கு 20 வாரத்துக்குள்ள மைக்ரோசிப் கட்டாயம், இல்லைன்னா 500 பவுண்ட் வரைக்கும் அபராதம். நல்ல ப்ரீடர்கள் சிப் போட்டுத்தான் கொடுத்துட்டு இருந்தாங்க, அதனால யாரும் பெருசா முணுமுணுக்கல.

இன்ஸ்பெக்ஷனுக்கு வீட்டுக்குள்ள ஆள் விடணுமா?

சட்டப்படி லைசென்ஸ் வாங்குனா விட்டுத்தான் ஆகணும். தானா முன்வந்து வெட் டாக்டரை கூப்பிட்டு கேட்டரியை (பூனை வளர்க்குற இடத்தை) பரிசோதிச்சு சான்றிதழ் வாங்குற திட்டம் சிஎஃப்ஏகிட்ட இருக்கு. கமிட்டியில அந்த ஒரு காகிதத்துக்கு இருக்குற மதிப்பு பத்து ரிப்பனுக்கு இல்ல.

ஹியரிங்ல, அதான் மசோதா பத்தி கமிட்டி கருத்து கேக்குற கூட்டத்துல, பேசுறது எப்படி? பயமா இருக்கு.

எல்லாருக்கும் பயம்தான். நான் முதல் தடவை போனப்போ 2 நிமிஷம்தான் கொடுத்தாங்க, மேஜை மேல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு விளக்கு. 25 வருஷமா பூனை வளர்க்கறேன், எங்க பாட்டி காலத்துலன்னு ஆரம்பிச்சு, மஞ்சள் எரியும்போதுதான் மசோதா நம்பரையே சொன்னேன். சிவப்பு வந்துடுச்சு. எனக்கு அடுத்து வந்த அம்மா ஒரே ஒரு விஷயம் சொன்னாங்க, "பிரிவு 2ல 4 மாசம்னு இருக்கு, அந்த வயசுல ஷோ குட்டி எதுன்னே தெரியாது, 12 மாசம்னு மாத்துங்க, இதோ வாசகம்"னு ஒரு பக்கத்தை கிளார்க்கிட்ட கொடுத்துட்டு உக்காந்துட்டாங்க. 40 செகண்ட் இருக்கும். குறிச்சுக்கிட்டது அவங்க பேச்சைத்தான்.

அதனால: ஒரே விஷயம், பிரிவு நம்பரோட, மாற்று வாசகத்தோட. எதிர்த்தரப்பை "விலங்குரிமை தீவிரவாதி"ன்னு திட்டாதீங்க, மேஜைக்கு அந்தப்பக்கம் இருக்குற மெம்பரே ஷெல்டர்ல இருந்து பூனை எடுத்து வளர்க்குறவரா இருக்கலாம். காப்பி பேஸ்ட் லெட்டர் 200 வந்தா ஒண்ணுன்னு எண்ணுவாங்க. மசோதா இல்லாத சமயத்துல போய் உள்ளூர் ஷெல்டர் மேனேஜரை பாத்து பேசி வைங்க, "பெர்ஷியன் வந்தா சொல்லுங்க, எங்க கிளப்பே எடுத்துக்கும், ஜடை பிடிச்ச முடியை நாங்களே சீவிக்கறோம்"னு நம்பர் கொடுத்து வைங்க. அடுத்த வருஷம் ஹியரிங்ல அவர் எதிர்ல நிக்கறப்போ பேச்சோட தொனியே வேற மாதிரி இருக்கும்.

ஹியரிங்க்கு பூனையை கூட்டிட்டு போலாமா? பாத்தா மனசு மாறுவாங்கல்ல?

வேண்டாம். பல கட்டடத்துல உள்ளயே விட மாட்டாங்க, விட்டாலும் மைக் சத்தத்துல கேரியருக்குள்ள மிரண்டு கத்தும், அதைப் பாத்து எதிர்த்தரப்பு ஒரு போட்டோ எடுத்தா நீங்க காலி. போன்ல போட்டோ காட்டுங்க. சோஃபா மேல தூங்குற போட்டோவா பாத்து எடுத்துட்டு போங்க, கூண்டு பின்னாடி தெரியாம.